அமெரிக்க டாலர் நாணயங்களைச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு டாலர் நாணயம் 1794ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. ஆயினும் அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போன காலம் மிகக் குறைவு. மேற்கு மாநிலங்களில் வெள்ளி டாலர் ஓரளவு புழங்கியது. மற்ற இடங்களில் கனமான காசைவிட ஒரு டாலர் நோட்டையே மக்கள் விரும்பினார்கள். அப்படியிருந்தும் அரசு கோடிக்கணக்கில் டாலர் நாணயங்களை அடித்துத் தள்ளியதற்குக் காரணங்கள் வேறு. சுரங்கங்களில் குவிந்த வெள்ளியை அரசு வாங்கியாக வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. சீனத்தோடு வணிகம் செய்ய ஒரு நாணயம் தேவைப்பட்டது. மறைந்த ஜனாதிபதி ஒருவருக்கும் நிலவில் இறங்கிய பயணத்துக்கும் ஒரே நாணயத்தில் சிறப்புச் செய்ய நாடாளுமன்றம் விரும்பியது. நோட்டைவிட நாணயம் பல மடங்கு காலம் உழைக்கும் என்ற சிக்கனக் கணக்கும் பின்னாளில் சேர்ந்துகொண்டது.

இதனால், சேகரிப்பில் இறங்குகிறவர் எந்த டாலரைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதை ஏன் அடித்தார்கள்? அடித்த பிறகு அவை எங்கே போயின? ஒரு நாணயம் அரிதா, மலிவா, அதற்குக் கேட்கும் விலை நியாயமா என்பதையெல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்கான விடைகளே சொல்லிவிடும். கீழே வரும் படிகள் அனைத்தும் இவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன.

முதல் படி: வகைகளைத் தெரிந்துகொள்ளுதல்

டாலர் நாணயங்களை முதலில் அளவை வைத்து இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1978 வரை வந்தவற்றில் வெள்ளியிலும் தாமிர–நிக்கலிலும் அடித்தவை பெரியவை. 1840க்குப் பிந்திய பெரிய டாலர்களின் விட்டம் 38.1 மில்லிமீட்டர். 1979 முதல் வந்தவை 26.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறியவை. பெரியவற்றில் 1935 வரை அடித்தவை வெள்ளி. 1971 முதல் 1978 வரை வந்த ஐசனோவர் டாலர்களில் புழக்கத்துக்கு விட்டவை தாமிரமும் நிக்கலும் கலந்தவை. புழக்கத்துக்கென அடித்த சிறிய டாலர்கள் எதிலும் வெள்ளி கிடையாது. 1986 முதல் வரும் ஓர் அவுன்ஸ் வெள்ளிக் கழுகு நாணயத்திலும் ஒரு டாலர் என்று எழுதியிருக்கும். அது முதலீட்டுக்காக விற்கப்படும் வெள்ளி என்பதால் இங்கே அதைத் தனியே வைத்துவிடலாம்.

முற்காலத்து டாலர்களை நம்மைப் போன்றவர்கள் படித்து மகிழலாம், வாங்குவது கடினம். 1792 ஏப்ரல் 2 அன்று இயற்றப்பட்ட நாணயச் சட்டம், அன்று அமெரிக்கச் சந்தைகளில் புழங்கிய ஸ்பானிய எட்டு ரியால் வெள்ளிக் காசை அடிப்படையாகக் கொண்டு, ஒரு டாலரில் 371.25 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 24.06 கிராம், தூய வெள்ளி இருக்க வேண்டும் என்று விதித்தது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1935இல் புழக்கத்துக்காக அடித்த கடைசி வெள்ளி டாலருக்கும் சட்டப்படியான தூய வெள்ளியின் அளவு இதுதான்.

முதல் டாலர்களை ராபர்ட் ஸ்காட் வடிவமைத்தார். விரிந்த கூந்தலுடன் விடுதலை தேவி முகப்பில் இருப்பாள். 1794 அக்டோபர் 15 அன்று பிலடெல்பியா நாணயச்சாலை 1,758 டாலர்களை வெளியே கொடுத்தது. சிறிய காசுகளுக்காகச் செய்த அச்சுப்பொறியில் அடித்ததால் அவற்றில் பலவற்றின் இடது ஓரம் சரியாகப் பதியவில்லை. அவற்றுள் மிகச் சிறந்த ஒன்று 2013 ஜனவரியில் ஒரு கோடி டாலருக்கும் அதிகமான விலைக்கு ஏலம் போனது.

1804 என்று ஆண்டு பொறித்த டாலரின் கதை இன்னும் வியப்பானது. அந்த ஆண்டோடு டாலர் அடிப்பது நின்றுபோயிற்று. அன்று அடித்தவை பழைய ஆண்டு பொறித்த அச்சுகளில் அடித்தவை. முப்பது ஆண்டுகள் கழித்து, சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் அரசு சார்பில் பரிசளிக்க நாணயத் தொகுதிகள் தேவைப்பட்டபோது, பழைய பதிவேட்டைப் பார்த்து 1804 என்று பொறித்துப் புதிதாகச் சில டாலர்களை அடித்தார்கள். அதாவது, 1804ஆம் ஆண்டு டாலர் எதுவும் 1804ஆம் ஆண்டில் பிறந்ததல்ல. வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் செல்ல வாய்ப்புள்ளவர்கள் இத்தகைய நாணயங்களை நேரில் பார்க்கலாம். சந்தையில் யாராவது 1804 டாலரை உங்களிடம் நீட்டினால் அது போலியே என்று கொள்ளலாம்.

இரண்டாம் படி: முகமதிப்புக்குக் கிடைப்பவற்றில் தொடங்குதல்

அமெரிக்காவில் வசிப்பவர்கள் தங்கள் வங்கிக் கிளையில் டாலர் நாணயச் சுருள் இருக்கிறதா என்று கேட்கலாம். ஒரு சுருளில் 25 நாணயங்கள் இருக்கும். 25 டாலர் கொடுத்தால் போதும். வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கட்டிவிடலாம் என்பதால் இந்த நிலையில் நட்டம் என்பதே இல்லை. இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர்கள், அங்கே வசிக்கும் உறவினர்களிடம் சொல்லி வைத்தால், ஊருக்கு வரும்போது ஒரு சுருளைக் கொண்டுவரச் செய்யலாம்.

சுருளைப் பிரித்தால் பெரும்பாலும் மூன்று வகைகள் கலந்து வரும். வெள்ளி நிறத்தில் இருப்பது சூசன் பி. அந்தோணி டாலர். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய இவரே அமெரிக்கப் புழக்க நாணயத்தில் இடம்பெற்ற முதல் உண்மையான பெண்மணி. அதற்கு முன்பு இருந்தவர்கள் அனைவரும் விடுதலை தேவி போன்ற உருவகப் பெண்கள். தலைமைச் செதுக்குநர் ஃபிராங்க் காஸ்பாரோ முதலில் விரிந்த கூந்தலுடைய ஓர் உருவகப் பெண்ணைத்தான் வரைந்து கொடுத்தார். உண்மையான ஒரு பெண் இடம்பெற வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்று 1978இல் சட்டமானது. 1979இல் மட்டும் 75 கோடிக்கு மேல் அடித்தார்கள். ஆனால் இதன் விட்டம் 26.5 மில்லிமீட்டர், கால் டாலரின் விட்டம் 24.3 மில்லிமீட்டர், நிறமும் ஒன்றே என்பதால் மக்கள் இரண்டையும் மாற்றிக் கொடுத்து ஏமாந்தார்கள். உட்புறத்தில் பதினொரு பக்கச் சட்டம் போட்டும் பயனில்லை. 1981 நாணயங்களைச் சேகரிப்போருக்கான தொகுதிகளில் மட்டுமே விற்றார்கள். கிடங்கில் தேங்கியவை விற்பனை இயந்திரங்களிலும் பேருந்து, ரயில் கட்டண இயந்திரங்களிலும் மெல்ல மெல்லத் தீர்ந்த பிறகு, 1999இல் மீண்டும் ஒருமுறை அடித்தார்கள்.

புதியவருக்கு நான் பரிந்துரைக்கும் முதல் முழுத் தொகுதி இதுதான். ப்ரூஃப் எனப்படும் கண்ணாடிப் பளபளப்புள்ள சிறப்பு நாணயங்களைத் தவிர்த்துவிட்டால், ஆண்டும் நாணயச்சாலையும் சேர்த்துப் பதினொன்றே நாணயங்கள்: 1979, 1980, 1981 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ என மும்மூன்று, 1999இல் பிலடெல்பியா, டென்வர் என இரண்டு. பிலடெல்பியாவுக்கு பி, டென்வருக்கு டி, சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ் என்ற எழுத்து முகப்பில் இருக்கும். இந்தப் பதினொன்றையும் தேடி முடிப்பதற்குள் நாணயச்சாலைக் குறியைப் பார்க்கும் பழக்கம் கைவந்துவிடும். 1979ஆம் ஆண்டு பிலடெல்பியா நாணயத்தில் இரண்டு வகை உண்டு; விளிம்பு அகலமாகி, ஆண்டு எண் விளிம்பை நெருங்கி நிற்கும் வகை குறைவாகவே கிடைக்கும் என்பதால் அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

பொன்னிறத்தில் இருப்பவற்றில், முதுகில் குழந்தையைச் சுமந்தபடி திரும்பிப் பார்க்கும் இளம்பெண் சகாகவேயா. ஷோஷோனி இனத்தைச் சேர்ந்த இவர், 1804 முதல் 1806 வரை மேற்கே பசிபிக் கடற்கரையை நோக்கிச் சென்ற லூயிஸ், கிளார்க் பயணக் குழுவோடு கைக்குழந்தை ழான் பாப்டிஸ்டைச் சுமந்தபடி நடந்தவர். அவர் காலத்தில் வரைந்த உருவப்படம் எதுவும் இல்லாததால், சிற்பி கிளென்னா குட்ஏக்கர், ஷோஷோனி மரபில் வந்த ராண்டில் டீட்டன் என்ற மாணவியை மாதிரியாக வைத்து இந்த முகத்தை உருவாக்கினார். பின்பக்கத்தில் தாமஸ் ராஜர்ஸ் வடித்த பறக்கும் கழுகைச் சுற்றி 17 விண்மீன்கள் உள்ளன. 1804இல் ஒன்றியத்தில் இருந்த மாநிலங்களின் எண்ணிக்கை அது. தாமிரத்தோடு துத்தநாகம், மாங்கனீசு, நிக்கல் சேர்ந்த உலோகம் என்பதால் கை பட்டுப் பட்டு விரைவில் பழுப்பேறிவிடும். எனவே பளிச்சென்று இருப்பவற்றையே தேர்ந்தெடுங்கள். இந்த டாலரை அறிமுகப்படுத்துவதற்காக 5,500 சீரியோஸ் தானிய உணவுப் பெட்டிகளில் ஒவ்வொரு நாணயம் வைத்து விற்றார்கள். அவற்றில் சிலவற்றில் கழுகின் வால் இறகுகள் வழக்கத்தைவிட நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருந்ததை 2005இல்தான் சேகரிப்போர் கண்டுபிடித்தார்கள். ஐந்து ஆண்டுகள் எல்லோர் கையிலும் இருந்த நாணயத்தை ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

2009 முதல் இதே முகப்போடு பின்பக்கம் ஆண்டுதோறும் மாறி வருகிறது. அமெரிக்கத் தொல்குடி மக்களின் வாழ்வையும் பங்களிப்பையும் அது காட்டும்: முதல் ஆண்டில் மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒன்றாகப் பயிரிடும் வேளாண்முறை, 2016இல் இரண்டு உலகப் போர்களிலும் தம் தாய்மொழியில் இரகசியச் செய்தி அனுப்பிய வீரர்கள், 2019இல் விண்வெளிப் பொறியியலில் பணியாற்றிய செரோக்கி இனப் பெண்மணி மேரி கோல்டா ராஸ். வடிவமைப்பின் பின்னுள்ள வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதைவிட வளமான மலிவுத் தொகுதி வேறில்லை என்பேன். 2009 முதல் ஆண்டும் நாணயச்சாலைக் குறியும் நாணயத்தின் விளிம்பில் பொறிக்கப்படுகின்றன. முகப்பில் தேடி ஆண்டு இல்லையே என்று திகைக்க வேண்டாம்.

மூன்றாவது வகை ஜனாதிபதி டாலர்கள். 2007 முதல் 2016 வரை ஆண்டுக்கு நால்வர் என்ற கணக்கில், பதவி வகித்த வரிசைப்படி வெளிவந்தன. பின்பக்கத்தில் டான் எவர்ஹார்ட் வரைந்த விடுதலைச் சிலை இருக்கும். இறந்து இரண்டு ஆண்டுகள் ஆனவர்களுக்கு மட்டுமே இடம் என்பதால் வரிசை இடையிலேயே நின்றது, ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் நாணயம் 2020இல் தனிச் சட்டத்தால் சேர்ந்தது. முதல் ஆண்டில் விளிம்பு எழுத்து பொறிக்கும் இயந்திரத்துக்குப் போகாமலே தப்பி வந்த வாஷிங்டன் நாணயங்கள் கணிசமாக உண்டு. விளிம்பு வழவழப்பாக இருந்தால் எடுத்து வையுங்கள். ஆனால் விளிம்பு எழுத்து தலைகீழாக இருக்கிறது என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்; நாணயங்கள் எப்படி விழுகின்றனவோ அப்படியே அந்த இயந்திரத்துக்குள் செல்வதால் இரு திசைகளும் இயல்பானவையே. யாரும் செலவழிக்காமல் நூறு கோடிக்கு மேற்பட்ட டாலர் நாணயங்கள் மத்திய வங்கிக் கிடங்குகளில் தேங்கிவிட்டதால், 2011 டிசம்பரில் இவற்றைப் புழக்கத்துக்கு அடிப்பதை அரசு நிறுத்தியது. 2012 முதல் வந்தவற்றைச் சேகரிப்போருக்காக மட்டும் நாணயச்சாலை விற்றது. அவற்றுக்கு முகமதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: ஐசனோவர் டாலர்

இது கடைசிப் பெரிய டாலர். 1969 மார்ச்சில் முன்னாள் ஜனாதிபதி ஐசனோவர் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது. இரண்டையும் ஒரே நாணயத்தில் இணைத்த ஃபிராங்க் காஸ்பாரோ, விண்வெளி வீரர் மைக்கேல் காலின்ஸ் உருவாக்கிய பயணச் சின்னத்தைப் பின்பக்கத்துக்கு எடுத்துக்கொண்டார்: ஆலிவ் கிளையைக் காலில் பற்றியபடி நிலவில் இறங்கும் கழுகு, மேலே சிறியதாகப் பூமி. 1975 என்று ஆண்டு பொறித்த ஐசனோவர் டாலர் கிடையாது. நாட்டின் இருநூறாம் ஆண்டுக்காக 1975, 1976 இரண்டு ஆண்டுகளிலும் அடித்தவற்றில் 1776–1976 என்றே இருக்கும். அவற்றின் பின்பக்கத்தில் நிலவின் முன்னே விடுதலை மணி தொங்கும்.

புதியவர்கள் இங்கே கற்க வேண்டிய திறமை வெள்ளியைப் பிரித்தறிவது. புழக்க நாணயத்தின் எடை 22.68 கிராம், சேகரிப்போருக்காக சான் பிரான்சிஸ்கோவில் அடித்த 40 விழுக்காடு வெள்ளி நாணயத்தின் எடை 24.59 கிராம். எஸ் குறி இருப்பதாலேயே வெள்ளி என்று கொள்ளக் கூடாது. அங்கே வெள்ளியில்லாத ப்ரூஃப் நாணயங்களையும் அடித்தார்கள். விளிம்பைப் பாருங்கள்: செம்பு நிறக் கோடு தெளிவாகத் தெரிந்தால் அது சாதாரண நாணயம். ஐயம் தீர எடை போடுங்கள்.

நான்காம் படி: மோர்கன் வெள்ளி டாலர்

வெள்ளி டாலர் சேகரிப்பின் இதயம் இதுவே. இங்கே நின்று நிதானமாகப் படிப்பது நல்லது. 1873ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கமான வெள்ளி டாலரை நிறுத்தியது. அதே காலத்தில் நெவாடாவின் காம்ஸ்டாக் சுரங்கங்களிலிருந்து வெள்ளி குவிய, விலை சரிந்தது. சுரங்க உரிமையாளர்களும், பணப்புழக்கம் பெருகினால் கடன்சுமை குறையும் என்று நம்பிய விவசாயிகளும் கொடுத்த அழுத்தத்தில், ஜனாதிபதி ஹேய்ஸின் மறுப்பையும் மீறி 1878 பிப்ரவரி 28 அன்று பிளாண்ட்–அலிசன் சட்டம் நிறைவேறியது. மாதந்தோறும் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை அரசு வாங்கி நாணயமாக்கியே தீர வேண்டும் என்பது அதன் விதி. நாணயம் யாருக்கும் தேவைப்படவில்லை. அடித்தவற்றை ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டிப் பெட்டகங்களில் அடுக்கினார்கள்.

வடிவமைத்தவர் இங்கிலாந்திலிருந்து வந்த ஜார்ஜ் டி. மோர்கன். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆசிரியை அன்னா வில்லெஸ் வில்லியம்ஸின் முகத்தை மாதிரியாகக் கொண்டு, கோதுமையும் பருத்தியும் சூடிய விடுதலை தேவியை அவர் செதுக்கினார். கழுகின் வாலில் முதலில் எட்டு இறகுகள் இருந்தன. 1878ஆம் ஆண்டுக்குள்ளேயே அதை ஏழாக மாற்றினார்கள். அந்த ஆண்டு நாணயம் கையில் கிடைத்தால் இறகுகளை எண்ணிப் பாருங்கள். நாணயச்சாலைக் குறி பின்பக்கத்தில், மாலையின் முடிச்சுக்குக் கீழே இருக்கும்: நியூ ஆர்லியன்ஸுக்கு ஓ, சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ், கார்சன் சிட்டிக்கு சிசி, 1921இல் மட்டும் டென்வருக்கு டி, குறி எதுவும் இல்லையென்றால் பிலடெல்பியா.

இவை எங்கே போயின என்ற கேள்வியில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இந்தியாவில் மக்கள் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாயாக மாற்றித் தரும்படி அலுவலகங்களை முற்றுகையிட, அரசிடம் வெள்ளி தீர்ந்துபோகும் நிலை வந்தது. பிரிட்டன் அமெரிக்காவிடம் கேட்டது. நெவாடாவின் செனட்டர் பிட்மன் கொண்டுவந்த 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 27,02,32,722 வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அந்த வெள்ளியின் மிகப் பெரும்பகுதி இந்தியாவின் தேவைக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. எந்த ஆண்டு நாணயம் எத்தனை உருகியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆகவே மோர்கன் டாலரைப் பொறுத்தவரை, எத்தனை அடித்தார்கள் என்ற எண்ணை மட்டும் வைத்து அருமையைத் தீர்மானிக்க முடியாது. உருக்கியதற்கு ஈடாக அமெரிக்கச் சுரங்க வெள்ளியை வாங்கி மீண்டும் டாலர் அடிக்க வேண்டும் என்று அதே சட்டம் விதித்ததால்தான், 1904இல் நின்ற மோர்கன் டாலர் 1921இல் திரும்பி வந்தது.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. 1903ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் டாலர் பல பத்தாண்டுகளாக அருமையிலும் அருமையாகக் கருதப்பட்டது. 1962ஆம் ஆண்டின் இறுதியில் அரசுப் பெட்டகங்களிலிருந்து பழைய பைகளை வெளியே கொடுத்தபோது அந்த நாணயங்கள் மூட்டை மூட்டையாக வந்தன, விலை சரிந்தது. 1964இல் கருவூலம் வெள்ளி டாலர் கொடுப்பதை நிறுத்தியபோது, ஏறத்தாழ 30 லட்சம் நாணயங்கள், பெரும்பாலும் கார்சன் சிட்டியில் அடித்தவை, மிஞ்சியிருப்பது தெரிந்தது. அவற்றை அரசே 1972 முதல் 1980 வரை பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்து விற்றது. 1884ஆம் ஆண்டில் கார்சன் சிட்டியில் அடித்தவை 11,36,000. அவற்றில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவை எண்பது ஆண்டுகள் யார் கையும் படாமல் அந்தப் பெட்டகங்களிலேயே இருந்தன.

இந்தப் பின்னணியோடு வாங்கத் தொடங்குங்கள். ஐந்து நாணயச்சாலைகளுக்கும் ஒவ்வொன்று என்பதை முதல் இலக்காக வைத்துக்கொள்ளலாம். பிலடெல்பியாவுக்கும் டென்வருக்கும் 1921. சான் பிரான்சிஸ்கோவுக்கு 1880 அல்லது 1881, ஏனெனில் அந்த ஆண்டுகளின் அச்சு மிகக் கூர்மையாக இருக்கும். நியூ ஆர்லியன்ஸுக்கு 1883, 1884, 1885 ஆகியவற்றில் ஒன்று. இவையெல்லாம் தாராளமாகக் கிடைப்பவை. கார்சன் சிட்டிக்கு 1882, 1883, 1884 ஆகியவற்றில் ஒன்றைச் சற்றுப் பணம் சேர்த்து, அரசு விற்ற அதே பெட்டியோடு வாங்குவது சிறந்தது.

விலையைச் சரிபார்க்க ஒரு கணக்கு உண்டு. அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையை 24 ஆல் பெருக்குங்கள். அதுதான் நாணயத்தின் வெள்ளி மதிப்பு. 40 விழுக்காடு வெள்ளி ஐசனோவர் டாலராக இருந்தால் 9.8 ஆல் பெருக்குங்கள். தேய்ந்த சாதாரண ஆண்டு மோர்கனுக்கு இந்த மதிப்புக்கு மேல் ஓரளவுதான் கேட்க வேண்டும். வெள்ளி மதிப்பைவிட வெகு குறைவாக யாராவது தந்தால், அது இன்னும் பெரிய எச்சரிக்கை.

ஐந்தாம் படி: அமைதி டாலர்

முதல் உலகப் போர் முடிந்ததை நினைவுகூர 1921 டிசம்பர் இறுதியில் இதை அடிக்கத் தொடங்கினார்கள். போட்டியில் வென்ற அந்தோணி டி ஃபிரான்சிஷி, தம் மனைவி தெரேசாவின் சாயலில் விடுதலை தேவியை வடித்தார். பின்பக்கக் கழுகின் காலடியில் ஒடிந்த வாள் ஒன்றை வைத்திருந்தார். ஒடிந்த வாள் தோல்வியின் அடையாளம் என்று எதிர்ப்பு எழவே, அச்சிலிருந்து அதை நுணுக்கமாக நீக்கும் வேலை முதிய மோர்கனிடமே வந்தது. 1921இல் அடித்த பத்து லட்சத்துச் சொச்சம் நாணயங்களில் உருவம் மிகவும் புடைத்திருந்ததால் அச்சுகள் உடைந்தன; 1922 முதல் புடைப்பைக் குறைத்தார்கள். 5 கோடிக்கு மேல் அடித்த 1922 பிலடெல்பியா நாணயமே முதலில் வாங்க ஏற்றது. மிகக் குறைவாக அடித்தது 1928 பிலடெல்பியா, எண்ணிக்கை 3,60,649. 1929 முதல் 1933 வரை அடிக்கவில்லை. 1935உடன் புழக்க நாணய வரிசை முடிகிறது. மொத்தம் 24 நாணயங்களே என்பதால், பொறுமையுள்ளவர்கள் முழுத் தொகுதியையும் சேர்த்துவிடலாம்.

ஆறாம் படி: தரத்தை மதிப்பிடுதல்

நாணயத்தின் தரத்தை 1 முதல் 70 வரையுள்ள ஷெல்டன் அளவுகோலில் குறிப்பார்கள். 60 அல்லது அதற்கு மேல் என்றால் புழக்கத்துக்கே போகாதது. மோர்கன் டாலரில் தேய்மானம் முதலில் காதுக்கு மேலுள்ள கூந்தலிலும் கழுகின் மார்பு இறகுகளிலும் தெரியும். அங்கே இழைகள் மழுங்கி, ஒளி மங்கியிருந்தால் அது புழங்கிய நாணயம். புழங்காத நாணயத்திலும் தேவியின் கன்னத்தில் கீறல்கள் இருக்கும். ஆயிரம் காசுகள் ஒரே பையில் ஒன்றோடொன்று மோதியதன் விளைவு அது. கன்னம் சுத்தமாக இருக்கும் நாணயத்துக்குப் பல மடங்கு விலை ஏறுவது இதனால்தான். தொடக்கத்தில் 62, 63 தரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 65க்கும் 66க்கும் உள்ள வேறுபாட்டைக் கண் பழகிய பிறகே பணம் கொடுத்து வாங்க வேண்டும்.

நாணயத்தை ஒருபோதும் தேய்க்கவோ கழுவிப் பளபளப்பாக்கவோ கூடாது. நம் வீடுகளில் வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீறு போட்டுத் துலக்கும் வழக்கம் உண்டு. அதையே நாணயத்துக்குச் செய்தால் மேற்பரப்பில் நுண்கீறல்கள் விழுந்து, சேகரிப்பு மதிப்பு போய்விடும். வெள்ளியில் காலப்போக்கில் படியும் நீலமும் செம்மஞ்சளும் கலந்த நிறத்தைப் பலர் விரும்பியே வாங்குகிறார்கள். தேய்த்த நாணயத்தை விளக்கின் கீழ் சாய்த்துச் சுழற்றினால், ஒளி ஒரே திசையில் இழை இழையாக ஓடும். அடித்தபடியே இருக்கும் நாணயத்தில் ஒளி மையத்திலிருந்து சக்கரம் போலச் சுழலும்.

ஏழாம் படி: போலியைக் கண்டறிதல்

0.01 கிராம் வரை காட்டும் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், விட்டம் அளக்கும் வெர்னியர் அளவி, காந்தம் ஆகிய நான்கும் நாணயம் வாங்கும் முன்பே வாங்க வேண்டியவை. மோர்கனும் அமைதி டாலரும் 26.73 கிராம், நன்கு தேய்ந்தது 26 கிராம் அளவுக்கு இறங்கலாம். காந்தத்தில் ஒட்டினால் ஐயமே வேண்டாம், போலிதான். ஒட்டாதவற்றில் புழங்கிய நாணயத்துக்கு மட்டும் இன்னொரு சோதனை செய்யலாம்: சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைப் பூச்சியமாக்கி, நூலில் கட்டிய நாணயத்தை அடியைத் தொடாமல் நீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். அசல் நாணயமானால் தராசு ஏறத்தாழ 2.6 கிராம் காட்டும். 2.9, 3 என்று காட்டினால் அந்த உலோகம் வெள்ளி அல்ல.

1873 முதல் 1885 வரை வந்த வணிக டாலரில் கூடுதல் கவனம் தேவை. சீன வணிகத்துக்காக 420 கிரெய்ன், அதாவது 27.2 கிராம் எடையில் அடித்து, அந்த எடையை நாணயத்திலேயே பொறித்தார்கள். சீன வணிகர்கள் சோதித்துப் பார்த்ததற்கு அடையாளமாகக் குத்திய முத்திரைகள் அவற்றில் பலவற்றில் இருக்கும். என் பார்வையில் அந்த முத்திரைகளே அந்நாணயத்தின் வரலாறு. ஆனால் சந்தையில் இவ்வகைப் போலிகள் மிக அதிகம். வணிக டாலரையும், ஒரு லட்சம் மட்டுமே அடித்த 1893 சான் பிரான்சிஸ்கோ மோர்கனையும், 1889 கார்சன் சிட்டி மோர்கனையும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனங்களின் மூடிய பெட்டியில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். சாதாரண நாணயத்தில் எஸ் அல்லது சிசி எழுத்தை ஒட்டி விற்கும் மோசடி நெடுங்காலமாக நடக்கிறது. பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால், அதிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்து, அங்குள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் சுங்க வரி எவ்வளவு ஆகும் என்பதை முன்பே விசாரித்துவிடுவது நல்லது.

எட்டாம் படி: பாதுகாத்தலும் பதிவும்

நாணயத்தை எப்போதும் விளிம்பில் மட்டும், கீழே மெத்தென்ற துணி விரித்துப் பிடியுங்கள். மலிவான மென்பிளாஸ்டிக் உறைகளில் உள்ள பி.வி.சி. நாளடைவில் பச்சை நிறப் பிசுபிசுப்பாகக் கசிந்து உலோகத்தை அரிக்கும். மைலார் என்ற பிளாஸ்டிக் படலத்தாலான சாளரமுள்ள அட்டைச் சட்டமோ கெட்டியான காற்றுப்புகாக் கேப்சூலோ வாங்குங்கள். பெரிய டாலருக்கு 38 மில்லிமீட்டர், சிறியதற்கு 26.5 மில்லிமீட்டர் என்று அளவு சொல்லிக் கேட்க வேண்டும். ரப்பர் வளையம், செய்தித்தாள், சாதாரணக் காகித உறை ஆகியவற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கச் செய்யும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்து, மழைக்காலத்தில் அவற்றை அடிக்கடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு நாணயத்துக்கும் ஏட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள்: ஆண்டு, நாணயச்சாலை, எடை, வாங்கிய நாள், இடம், விலை, அன்றைய வெள்ளி விலை. அதே வரியில், அந்த நாணயம் எந்தச் சட்டத்தால் பிறந்தது, உங்கள் கைக்கு வரும் வரை எங்கே இருந்திருக்கக்கூடும் என்பதையும் தெரிந்த அளவில் எழுதி வையுங்கள். ஐந்து மோர்கன்களும் பதினொரு அந்தோணிகளும் சேர்ந்த பிறகு, அடுத்து அமைதி டாலர் தொகுதியை நிறைவு செய்வதா, தொல்குடி டாலர்களை ஆண்டுக்கொன்றாகத் தொடர்வதா, மாநிலத்துக்கு ஒரு கண்டுபிடிப்பைக் காட்டி 2032 வரை வெளிவரவுள்ள புத்தாக்க டாலர்களைப் பின்தொடர்வதா என்று முடிவு செய்ய அந்த ஏடு உதவும்.